கைஜி இட்ட கையொப்பம்

சென்ற மாதத்து ஞாயிறொன்றில், உயர்தர வகுப்பு மாணவன் ஒருவனின் தந்தையார் எம்மைத் தேடி வீட்டுக்கு வந்தார். கொடுத்த தேநீரைக்கூட அவர் முழுதும் அருந்தவில்லை. "சேர், இவன் இரவிரவாக யப்பான் படம் ஒன்று பார்க்கிறான். முழுக்க முழுக்கச் சூதாட்டம். தங்கச்சியையும் பக்கத்தில் இருத்திக்கொண்டு பார்க்கிறான். நான் சொன்னால் கேட்கமாட்டான், நீங்கள் ஒரு சொல் சொன்னால் விட்டுவிடுவான்" என்றார்.

உடனே தலையசைத்திருக்கலாம். சூதை விலக்குக என்று கூறுவதற்கு ஓர் ஆசிரியனுக்குப் பெரிய ஆராய்ச்சி வேண்டியதில்லை. திருக்குறளிலே அதற்கெனத் தனி அதிகாரமே உண்டு. ஆயினும், வாசியாத நூலைக் கண்டிப்பவர்களை வகுப்பிலே நாமே பலமுறை இடித்துரைத்திருக்கின்றோம். ஆதலின், பார்த்துவிட்டுப் பதில் கூறுவதாகச் சொல்லி அவரை அனுப்பிவைத்தோம்.

முதலிரவு இரண்டு அத்தியாயங்களோடு நிறுத்துவதே எமது எண்ணமாயிருந்தது. ஐந்தாவது முடிந்தபோது நடுநிசி கடந்துவிட்டது. மறுநாள் முதலாம் பாடவேளையிற் கொட்டாவி விட்டவர்கள் மாணவர்கள் அல்லர்.

தொடரின் பெயர் 'கைஜி'. நொபுயுகி புகுமோட்டோ என்பார் 1996ஆம் ஆண்டு முதல் யப்பானிய வார இதழொன்றில் எழுதியும் வரைந்தும் வெளியிட்ட சித்திரக்கதையே இதற்கு மூலம். இத்தகைய சித்திரக்கதைகளை அந்நாட்டார் மங்கா என்பர். அவை அசையும் சித்திரங்களாகித் திரைக்கு வரும்போது அனிமே எனப்படும். மூலக்கதை 1998இல் கொடன்ஷா மங்கா விருதைப் பெற்றது. மட்ஹவுஸ் என்னும் நிறுவனத்தார் யூசோ சாட்டோவின் நெறியாள்கையில் அதனைத் தொடராக்கினர். முதற்றொடர் 2007 ஒக்டோபர் தொடக்கம் 2008 ஏப்பிரில் வரை 26 அத்தியாயங்களாக நிப்பொன் தொலைக்காட்சியில் ஒளிபரப்பாயிற்று. 2011இல் இரண்டாந்தொடராக மேலும் 26 அத்தியாயங்கள் வந்தன.

கதாநாயகனிடத்தே வீரமோ அழகோ இல்லை. பாடசாலைப் படிப்பை முடித்து டோக்கியோ நகருக்கு வந்த இளைஞன் கைஜி நிலையான தொழிலின்றித் திரிகின்றான், குடிக்கின்றான், சில்லறைப் பந்தயங்களில் ஈடுபடுகின்றான், விலையுயர்ந்த மோட்டார் வண்டிகளைக் கண்டால் மனம் எரிந்து அவற்றைச் சேதப்படுத்துகின்றான். இத்தகையவன் வீட்டுக்கதவை ஒருநாள் கடன் வசூலிப்பவன் ஒருவன் தட்டுகின்றான். முன்னொருகால் தன்னோடு வேலை செய்த ஒருவன் பெற்ற 3 இலட்சம் யென் கடனுக்குக் கைஜி பிணையாகக் கையொப்பமிட்டிருந்தான். கடன் வாங்கியவனைக் காணவில்லை. பதினான்கு மாதங்களில் அத்தொகை 38 இலட்சத்து 50 ஆயிரம் யென்னாக வளர்ந்து கைஜியின் தலையில் வந்து விழுகின்றது.

இவ்விடத்தில் நாம் படத்தை நிறுத்திவிட்டுக் கடதாசியும் பென்சிலும் எடுத்தோம். கதாசிரியர் மனம்போன போக்கில் ஒரு தொகையைச் சொல்லிவிட்டாரோ என்பது எமது ஐயம். வட்டி மாதம் நூற்றுக்கு இருபது. அதுவும் கூட்டு வட்டி. முதல் மாத முடிவில் 3 இலட்சத்து 60 ஆயிரம். இரண்டாம் மாதம் 4 இலட்சத்து 32 ஆயிரம். நான்காம் மாதத்திலேயே கடன் இரட்டித்துவிடுகின்றது. பதினான்காம் மாத முடிவில் வரும் விடை 38 இலட்சத்து 51 ஆயிரத்துச் சொச்சம். கணக்கிற் பிழையில்லை. இதனையே தனிவட்டியாகக் கொண்டால் 11 இலட்சத்து 40 ஆயிரம் மட்டுமே வரும். தனிவட்டிக்கும் கூட்டு வட்டிக்கும் உள்ள வேறுபாட்டை ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதிக் காட்டும் ஆசிரியர்கள் உளர். அவர்களுட் பலர் ஒரு தவணையிற் புகட்ட முடியாததை இத்தொடர் ஐந்து நிமிடத்திற் புகட்டிவிடுகின்றது.

கடனை அடைக்க வழியற்ற கைஜிக்கு ஓர் அழைப்பு வருகின்றது. அவனைப் போன்ற கடனாளிகள் பலர் ஓரிரவு ஒரு கப்பலில் ஏறிச் சூதாட வேண்டும். வென்றால் கடன் இல்லை. தோற்றவர் கதி இன்னதென்று சொல்லப்படவில்லை. கப்பலின் பெயர் எஸ்ப்வார். பிரெஞ்சு மொழியில் 'நம்பிக்கை' என்பது அதன் பொருள்.

அங்கு ஆடப்படும் ஆட்டம் கல், கடதாசி, கத்தரிக்கோல் என்று சிறுபிள்ளைகள் கையால் ஆடும் ஆட்டமே. கையை நீட்டுவதற்குப் பதிலாக ஒவ்வொருவருக்கும் பன்னிரண்டு சீட்டுகள் கொடுக்கப்படுகின்றன: கல் நான்கு, கடதாசி நான்கு, கத்தரிக்கோல் நான்கு. மூன்று நட்சத்திரங்களும் தரப்படும். தோற்றால் ஒரு நட்சத்திரம் எதிரிக்குப் போகும். நான்கு மணி நேரத்துள் சீட்டுகளெல்லாம் தீரவேண்டும். கையில் மூன்று நட்சத்திரமாவது மிஞ்சவேண்டும். எஞ்சியுள்ள கல் எத்தனை, கடதாசி எத்தனை, கத்தரிக்கோல் எத்தனை என்பதைச் சுவரிலுள்ள பலகை எல்லார்க்கும் காட்டிக்கொண்டேயிருக்கும்.

இந்த ஒழுங்கு விதிகளில்தான் தொடரின் முதற் கவர்ச்சி இருக்கின்றது. விதிகள் சில, அவை முழுவதும் நமக்கு முன்கூட்டியே சொல்லப்படுகின்றன. துப்பறியும் கதைகளில் ஆசிரியர் எதையோ மறைத்துவைத்து ஈற்றில் எடுத்துக் காட்டுவார். இங்கோ கைஜிக்குத் தெரிந்ததெல்லாம் நமக்கும் தெரியும். நட்சத்திரங்களையும் சீட்டுகளையும் விலைக்கு வாங்கலாம், பிறரோடு கூட்டுச் சேரலாம், ஒருவகைச் சீட்டை மொத்தமாகக் கொள்முதல் செய்து பதுக்கலாம் என்பனவெல்லாம் அவனுக்குத் தோன்றுமுன் நமக்குத் தோன்றக்கூடும். ஆகவே, பார்ப்பவர் நாற்காலியில் அமர்ந்திருக்கும் பார்வையாளராக இருப்பதில்லை. தாமும் பன்னிரண்டு சீட்டுகளைக் கையிற் பிடித்தவராகிவிடுகின்றார்.

கைஜியின் முதலாவது ஆட்டத்தையே பாருங்கள். ஒருவன் புன்னகையோடு வந்து, "நாமிருவரும் ஒரேவகைச் சீட்டையே ஒவ்வொரு முறையும் போடுவோம், பன்னிரண்டும் சமநிலையில் முடியும், மூன்று நட்சத்திரங்களோடு இருவரும் தப்பலாம்" என்ற கருத்தில் யோசனை சொல்கின்றான். நமக்கும் அது சரியாகவே படுகின்றது. ஆட்டம் முடியுந் தறுவாயில் அவன் சீட்டை மாற்றிப் போட்டுவிடுகின்றான். கைஜியிடம் எஞ்சுவன ஒரு நட்சத்திரமும் ஒரு சீட்டுமே. ஏமாந்தவன் கைஜி மட்டுமல்லன். "நல்ல யோசனை" என்று மனத்துள் தலையசைத்த நாமும் ஏமாந்தோம்.

இரண்டாவது கவர்ச்சி காலத்தைக் கையாளும் முறை. முதற்றொடரின் 26 அத்தியாயங்களிலும் ஆடப்படுவன நான்கே ஆட்டங்கள். ஒரு சீட்டைக் கவிழ்த்துவைப்பதற்கும் அதைத் திருப்பிக் காட்டுவதற்கும் இடையே, அஞ்சுகின்ற மனம் எங்கெல்லாம் ஓடுமோ அங்கெல்லாம் கதை ஓடிவருகின்றது. எதிரி அறிந்திருப்பானோ? அறிந்திருப்பான் என்று நான் எண்ணுவேன் என்பதையும் அவன் அறிந்திருப்பானோ? இவ்வாறு படிப்படியாக இறங்கும் சிந்தனையைக் கதைசொல்லியின் கனத்த குரல் தொடர்ந்து விளக்குகின்றது. 'சவா சவா' என்னும் ஓர் ஒலிக்குறிப்பு, கூட்டத்தின் சலசலப்பாகவும் நெஞ்சின் பதைபதைப்பாகவும், அடிக்கடி கேட்கும். திரையிலும் எழுத்தாகத் தோன்றும். உருவங்களோ கண்ணுக்கு இனியன அல்ல. கத்திபோன்ற மூக்கு, ஆப்புப்போன்ற நாடி, பெருகும் வியர்வை, ஆறாய் ஓடும் கண்ணீர். அழகான முகங்களாயிருந்தால் இத்துணை அச்சம் நமக்குத் தொற்றியிராது.

ஆயினும், இவ்விரண்டு மட்டுமே தொடரின் வலிமையென்றால் நாம் இக்கட்டுரையை எழுதியிரோம். வெல்வானோ தோற்பானோ என்ற ஐயம் எந்தப் பந்தயத்திலும் உண்டு. கைஜியில் நம்மைத் தூங்கவிடாமற் செய்யும் கேள்வி வேறு: அடுத்திருப்பவனை நம்பலாமா, ஆகாதா? கப்பலில் அவன் கூட்டாளிகளாகச் சேர்த்துக்கொள்ளும் இருவரும் ஈற்றில் அவனைக் கைவிடுகின்றனர். அவ்விருவருள் ஒருவன் வேறெவனுமல்லன்; எவனுக்காகக் கைஜி பிணைக் கையொப்பம் இட்டானோ அவனே. இதன் பின்னரும் கைஜி மனிதரை நம்புவதை விடவில்லை. இதுவே அவனுடைய மடமை. இதுவே அவனுடைய பெருமையும்.

அடுத்த ஆட்டத்தில் அந்த நம்பிக்கைக்கு விடை கிடைக்கின்றது. இரு கட்டடங்களுக்கிடையே, 74 மீற்றர் உயரத்தில், ஒடுங்கிய இரும்புப் பாலங்களில் கடனாளிகள் நடந்து கடக்கவேண்டும். செல்வந்தர்கள் வசதியாக அமர்ந்து அதனைக் கண்டு களிக்கின்றனர். இஷிடா என்னும் நடுத்தர வயதினர் கைஜிக்குப் பின்னால் வருகின்றார். தம்மால் முடியாதென்று உணர்ந்தபோது, தம்மிடமிருந்த பரிசுச்சீட்டைக் கைஜியிடம் கொடுத்து, அதனைத் தம் மனைவியிடம் சேர்க்குமாறு வேண்டுகின்றார். பின்னர் வீழ்கின்றார், ஆனால் குரல் எழுப்பவில்லை. தம் ஓலம் முன்னே நடப்பவனின் காலை நடுங்கச் செய்துவிடும் என்பதனால் மரணத்தையும் மௌனமாக ஏற்றுக்கொள்கின்றார். சூதாட்டப் படம் என்று கேள்விப்பட்டு அமர்ந்த நாம் அவ்விடத்திற் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க நேர்ந்தது.

மேலும், இத்தொடர் சூதின் புகழைப் பாடவில்லை. சூதுமேசை யாருடையது என்பதையே அது மீண்டும் மீண்டும் கேட்கின்றது. கப்பலில் ஆடுவதற்கு முதலாகக் குறைந்தது 10 இலட்சம் யென் கடன் பெறவேண்டும். வட்டி பத்து நிமிடத்துக்கு நூற்றுக்கு ஒன்றரை. மாணவர்கள் கணக்கிட்டுப் பார்க்கட்டும்: நான்கு மணி நேரத்தில் அது ஏறத்தாழ 14 இலட்சத்து 30 ஆயிரமாகிவிடும். ஆட்டத்தில் எவன் வென்றாலும் மேசைக்காரன் தோற்பதில்லை. பின்னர் வரும் சக்கரவர்த்திச் சீட்டாட்டத்தில் சக்கரவர்த்தி குடிமகனை வெல்வான். குடிமகன் அடிமையை வெல்வான். இழப்பதற்கு ஒன்றுமில்லாத அடிமை சக்கரவர்த்தியை வெல்வான். அழகிய விதி. ஆனால் கைஜியின் காதிற் பொருத்தப்பட்ட கருவி அவனுடைய நாடித்துடிப்பை எதிரியின் கைக்கடிகாரத்துக்கு இரகசியமாக அறிவித்துக்கொண்டிருக்கின்றது. இரண்டாந்தொடரில், நிலத்தடி வேலைத்தளத்தில் தாயம் உருட்டும் மேற்பார்வையாளனிடம் நான்கு, ஐந்து, ஆறு ஆகிய எண்கள் மட்டுமே பொறித்த தாயக்கட்டைகள் உண்டு.

இதனைப் பார்த்தபோது எமக்குச் சகுனியின் நினைவு வராமலில்லை. தருமர் தோற்றது ஆட்டத் திறமைக் குறைவால் மட்டுமன்று. காய் யாருடையதென்று கேளாமல் அமர்ந்ததாலும் தோற்றார். கைஜியோ ஒவ்வொரு முறையும், எவ்வளவு பிந்தியேனும், காயை எடுத்துப் புரட்டிப் பார்க்கின்றான். அந்தக் கணத்துக்காகவே அத்தியாயம் அத்தியாயமாக நாம் காத்திருக்கின்றோம்.

இத்தகைய கதை யப்பானில் 1996இல் தோன்றியதற்குக் காரணம் உண்டு. 1990களின் தொடக்கத்தில் அந்நாட்டின் நிலவிலையும் பங்குவிலையும் சரிந்து வேலைவாய்ப்புச் சுருங்கிற்று. தனியார் கடன் நிறுவனங்கள் பெருகியிருந்தன. ஒரு சட்டம் வட்டியை ஆண்டுக்கு நூற்றுக்கு 15 முதல் 20 வரை என வரையறுத்தது. தண்டனை விதிக்கும் மற்றொரு சட்டமோ, 2000ஆம் ஆண்டின் பின்னரும்கூட, 29.2 வரை இடம் கொடுத்தது. அவ்விடைவெளியிலே பல நிறுவனங்கள் தழைத்தன. 2006 டிசெம்பரில் சட்டம் திருத்தப்பட்டு 2010 யூனில் முழுமையாக நடைமுறைக்கு வந்தபின், உச்ச வரம்பு 20 ஆயிற்று. பிணையாளியின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. அந்நாட்டு வழக்கில் உள்ள கூட்டுப் பொறுப்புப் பிணையின்படி, கடன் கொடுத்தவர் கடன்பட்டவரை முதலிற் கேளாமலே பிணையாளியிடம் முழுத் தொகையையும் கோரலாம். 2020 ஏப்பிரிலில் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, பிறர் தொழிலுக்காகப் பெறும் கடனுக்குப் பிணை நிற்கும் தனியாள், சில விதிவிலக்குகள் நீங்கலாக, முதலில் நொத்தாரிசின் முன் தம் சம்மதத்தை உறுதிசெய்தல் வேண்டும். கைஜி போன்றோர் கதையில் மட்டும் இருந்திருந்தால் இத்தகைய சட்டத்துக்குத் தேவை இருந்திராது.

குறைகளையும் மறைத்தலாகாது. கதை சில இடங்களில் இழுபடுகின்றது. பெண்களுக்கு அதில் ஏறத்தாழ இடமேயில்லை. காதையும் விரல்களையும் பணயம் வைக்கும் காட்சிகள் சிறுவர்க்கு ஏற்றனவல்ல. தந்தையாரின் அச்சத்திலும் நியாயமிருக்கின்றது: கூரிய அறிவுடையவன் மேசைக்காரனையும் வென்றுவிடலாம் என்ற மயக்கம் இளம் உள்ளத்திற் குடிகொள்ளக்கூடும். கைத்தொலைபேசியிலேயே பந்தயம் பிடிக்கும் இக்காலத்தில் அது சிறிய அபாயமன்று. ஆயின், முதற்றொடர் அந்த மயக்கத்துக்கு மருந்தையும் உள்ளே வைத்திருக்கின்றது. பெருந்தொகையை வென்ற கைஜி எழுந்து போகவில்லை. இன்னுமோர் ஆட்டம் கேட்கின்றான். அதில் வென்ற பணத்தையும் நான்கு விரல்களையும் இழக்கின்றான். வென்றவனால் எழுந்திருக்க முடியாமை சூதின் இயல்பு என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டுதல் அரிது.

இவ்வளவையும் பார்த்து முடித்தபின் எம்மை உறுத்தியது சீட்டன்று. முதலாவது அத்தியாயத்துக் கையொப்பமே. எமது நாட்டில் வங்கிக் கடனுக்குப் பிணையாளி தேவைப்படும்போது பலரும் முதலில் நாடுவது ஆசிரியரையே; மாதச் சம்பளம் உறுதியல்லவா? நாமும் பல்லாண்டுகளுக்கு முன் நண்பர் ஒருவருக்காக, ஆசிரியர் ஓய்வறையில், மணி அடிக்குமுன் அவசரமாகக் கையொப்பமிட்டோம். வட்டி வீதத்தைப் பார்க்கவில்லை, பின்பக்கத்தைத் திருப்பவுமில்லை. அவர் கடைசித் தவணை வரை ஒழுங்காகச் செலுத்தினார். அது அவருடைய நேர்மை, எமது விவேகமன்று. நாம் ஆடிய ஆட்டத்தில் நாமே அறியாமல் வென்றிருக்கின்றோம், அவ்வளவே.

தந்தையாருக்கு நாம் கூறிய விடை இதுதான்: தடுக்கவேண்டாம், சின்னவளை நித்திரைக்கு அனுப்பிவிட்டு, மகனோடு தாமும் அமர்ந்து பார்க்கட்டும், முதல் அத்தியாயம் முடிந்ததும் அந்த வட்டிக் கணக்கை மகனைக்கொண்டே செய்விக்கட்டும்.

இரண்டு கிழமைகளின் பின் சந்தையடியில் அவரைக் கண்டோம். மகன் கணக்கைச் செய்து காட்டினானாம். அதன்பின் தந்தையார் எழுந்துபோய், அலுமாரியின் மேற்றட்டிலிருந்து ஒரு பத்திரத்தை எடுத்துவந்து மகன் முன் வைத்தாராம். மூன்று ஆண்டுகளுக்கு முன் உறவினர் ஒருவருக்காக இட்ட பிணைப் பத்திரம். வீட்டில் அதுவரை எவருக்கும் அவர் அதைச் சொல்லியிருக்கவில்லை. அன்றிரவு தாயும் தந்தையும் மகனுமாக இருந்து, அதனை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை வாசித்தார்களாம்.

வீடு திரும்பியதும் நாமும் எமது பழைய கோவைகளைக் கீழே இறக்கினோம்.